தொட்டு வாங்கிய சீர்

அந்த வருஷம் பொங்கல் சீராக என் புருஷன் கேட்டது என் அண்ணனுடைய கொழுப்பை. விளையாட்டுக்கு இல்லை. டெக்சாஸில் சுகர் லேண்ட் என்கிற ஊரில், எங்கள் வீட்டு கிச்சனில் நின்றுகொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். சர்க்கரை வியாதிக்காரர் குடியிருக்க நல்ல ஊர்தான் பிடித்தீர்கள் என்று ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நீங்களும் சொல்ல வேண்டாம்.

என் பெயர் பர்வதம். பெயர் வைத்த அப்பாவுக்கு முன்யோசனை அதிகம். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்குமே பெரிய உடம்பு. அப்பா உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. அண்ணன் பாலசுப்ரமணியன் அப்பாவையே தாண்டியவர். நியூ ஜெர்சி எடிசனில் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் காபி வருவதற்கு முன்னால் உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரும். சிரிப்பே போதும், காபி வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் போவதையே நிறுத்திவிட்டார்.

என் புருஷன் நெல்லையப்பன் பைப்லைன் என்ஜினீயர். முருங்கைக்காய்க்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பார். கையிலும் காலிலும் நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், அதில் அவருக்குப் பெருமை. தமிழ்ச் சங்க விழாவில் உடல்நலம் பற்றிப் பேசக் கூப்பிட்டால், என்னை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு மனக்கட்டுப்பாடு பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். கிச்சனில் ஒரு சின்னத் தராசு வைத்திருந்தார். என் சோற்றை அதில் நிறுத்துத்தான் தட்டில் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து நான் நிறுத்த சோறு தின்றவள். அப்படியும் இளைக்கவில்லை. நான் வேலை பார்க்கும் டேகேரில் பிள்ளைகள் மிச்சம் வைக்கிற குக்கீ அதற்குக் காரணமாக இருக்கலாம். இருக்கட்டும்.

சீர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் வருஷா வருஷம் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி வர வேண்டும். அரிசி, வெல்லம், நெய், கரும்பு, மஞ்சள்குலை, ஒரு பானை. தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொரு தட்டையும் தொட்டால் வாங்கிக்கொண்டதாக அர்த்தம். என் முதல் பொங்கலுக்கு அப்பா எல்லாம் கொண்டுவந்தார். மாமியார் எல்லாத் தட்டையும் தொட்டார், பானையை மட்டும் தொடவில்லை. "எங்க வீட்டுக்கு இம்புட்டுச் சின்னப் பானையா?" என்றார். அப்பா அந்த வெண்கலப் பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பிப் போனார். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. சுகர் என்றார்கள். நான் பானை என்பேன்.

அதற்குப் பிறகு அண்ணன் சீரைக் கையில் எடுத்தார். நாங்கள் அமெரிக்கா வந்தும் விடவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் பொங்கலுக்கு வந்துவிடுவார். அவர் கொண்டுவந்த எதுவும் ஒருமுறைகூடத் திரும்பிப் போனதில்லை. ஏதாவது திரும்பிப் போய்விடுமோ என்பதுதான் அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பயம். எனக்கும் அதுதான்.

இரண்டாயிரத்து ஏழு கடைசியில் என் புருஷனின் ஆபீஸில் எல்லாருக்கும் குடும்பத்தோடு ரத்தம் எடுத்தார்கள். அவருடைய ரத்தம் குழாயில் சற்று நேரம் நின்றதும் மேலே பால் மாதிரி வெள்ளையாகத் திரண்டுவிட்டதாம். சுகரோ வானத்தில் இருந்தது. எனக்கு எல்லாமே நார்மல்.

"மாத்திட்டாங்க. உன் ரத்தத்துல என் பேர ஒட்டிட்டாங்க," என்றார்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் பால். அப்புறம்தான் மெடிக்கல் சென்டரில் கொழுப்பைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிற டாக்டர் ஷம்சாத்திடம் போனோம். காயல்பட்டினத்துப் பெண், படித்தது சென்னையில். என் புருஷனின் தொடையைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

"சார், உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி இல்ல, பத்தல," என்றார்.

எத்தனையோ வருஷம் கூட வாழ்ந்தவள் நான், அவருக்குக் கொழுப்பு பத்தவில்லை என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கொழுப்புன்றது வேஸ்ட் கிடையாது சார். அது ஸ்டோர் ரூம். சாப்பிட்டதுல மிச்சத்த பத்திரமா உள்ள வாங்கி வெச்சுக்கணும். உங்களுக்குப் பிறவியிலயே அந்த ரூம் ரொம்பச் சின்னது. அதனால மிச்சமெல்லாம் லிவர்லயும் தசையிலயும் போய் உக்காருது. அங்க உக்காந்துட்டா இன்சுலின் வந்து எவ்வளவு கதவு தட்டினாலும் யாரும் திறக்க மாட்டாங்க."

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் கராஜில் இரண்டாவது ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. ஒரு கோடையில் அது நின்றுபோய், மாவும் புளிக்காய்ச்சலும் கறிகாயும் வீட்டுக்குள் வந்து, கடைசியில் சாமி அலமாரியில் தயிர் இருந்தது. இவருடைய லிவர் இப்போது எங்கள் சாமி அலமாரி.

"அப்ப இவளுக்கு ஏன் சுகர் இல்ல?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். குரலில் நியாயம் கேட்கிற தொனி.

"அவங்க ஸ்டோர் ரூம் பெரிசு, வேலையும் ஒழுங்கா செய்யுது. குடும்பமே பெரிய உடம்புன்னா, பசி அடங்கற சிக்னல்ல ஏதோ ஒரு ஜீன் சரியில்லாம இருக்கலாம். ஜீன் உடம்பப் பெரிசாக்கும். ஆனா சுகர் வருமா வராதான்றது, அந்தக் கொழுப்பு எத்தன நாள் தன் வேலைய ஒழுங்கா செய்யுதுன்றதுல இருக்கு. நான் ஸ்டடி பண்றதே இந்த மாதிரி குடும்பங்களத்தான். அக்கா, உங்க கொழுப்புல கொஞ்சம் சாம்பிள் குடுப்பீங்களா? கூடப்பிறந்தவங்க இருந்தா இன்னும் நல்லது."

குடுக்கிறேன் என்று சொல்லி அங்கேயே ஊசியில் கொஞ்சம் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். டாக்டர் பேச்சுவாக்கில் எலியைப் பற்றிச் சொன்னார். கொழுப்பே இல்லாத எலிக்கு சுகர் வருமாம். இன்னொரு எலியின் கொழுப்பை எடுத்து அதன் தோலுக்கு அடியில் வைத்தால் சுகர் இறங்கிவிடுமாம்.

"மனுஷங்களுக்கு அப்படிப் பண்றது இல்ல. உடம்பு ஏத்துக்காது. உங்களுக்கு வேற ஒரு ஊசி ட்ரையல்ல இருக்கு, அதுக்கு ட்ரை பண்ணலாம்," என்றும் சொன்னார். என் புருஷனின் காது எலியோடு நின்றுவிட்டது.

ஃப்ரீவேயில் வண்டி ஓட்டிக்கொண்டே என் இடுப்பைப் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் என்னை அப்படிப் பார்த்தது இல்லை. வீட்டுக்கு வந்ததும் தராசை எடுத்து மேல்தட்டில் வைத்தார். என் சோற்றில் நெய் ஊற்றினார், நிறுத்தாமல் ஊற்றினார்.

"பர்வதம், ஒரு ரெண்டு கிலோ போதும்."

"கத்தரிக்காயா கேக்கீங்க?"

"உன்கிட்ட மிச்சம்தான இருக்கு?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "இத்தன வருஷமா அசிங்கம் அசிங்கம்னு நிறுத்துப் போட்டது இப்ப வேணுமாக்கும்? இது எங்க பொறந்த வீட்டுலேந்து வந்தது. வேணும்னா சீராக் கேளுங்க, எங்க அண்ணன்கிட்ட," என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளினேன்.

கோபத்தில் சொன்னதைக் கோபமாக எடுத்துக்கொள்வதற்குக் கொஞ்சம் மனிதத்தனம் வேண்டும். இவர் என்ஜினீயர். நான் ஒரு வழி சொன்னதாக எடுத்துக்கொண்டார். அங்கேயே நின்று எடிசனுக்குப் போன் போட்டார். எங்கள் மகள் அனன்யா ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, யூ கான்ட் ஆஸ்க் பீப்பிள் ஃபார் தேர் ஃபேட்," என்றாள். அவர் கையைக் காட்டி அவளை அடக்கினார்.

"மச்சான், இந்தப் பொங்கலுக்கு ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க மாப்ள. நீங்க வாய் தொறந்து எதுவுமே கேட்டதில்லையே."

கேட்டார். எலியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் போனை வைத்துவிடுவார், இந்த ஜென்மத்துக்கு எங்கள் வாசலை மிதிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"எவ்வளவு வேணும் மாப்ள?" என்றார் அண்ணன்.

நான் போனைப் பிடுங்கினேன். "அண்ணே, நான் கோவத்துல சொன்னது. டாக்டரே இதெல்லாம் ஆகாதுன்னுட்டாங்க. நீ பேசாம கரும்பக் கொண்டா, போதும்."

"நீ சும்மா இருட்டி. இந்த உடம்ப வேணும்னு கேட்ட மொத ஆளு உன் வீட்டுக்காரர்தான்," என்றார்.

போனை என் புருஷனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு முன்னால் சனிக்கிழமை வந்து இறங்கினார். விமானத்தில் எப்போதும் இரண்டு சீட்டு வாங்குவார், கூச்சப்பட்டுக்கொண்டே வாங்குவார். இந்த முறை பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, "ஒண்ணு எனக்கு, ஒண்ணு மாப்ளையோட சீருக்கு," என்று பெருமையாகச் சொன்னாராம். நேராக இந்தியக் கடைகள் இருக்கிற ஹில்கிராஃப்ட் தெருவுக்குப் போய் மீதிச் சாமான் வாங்கினோம். கரும்பு கார் ஜன்னல் வழியே நீட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் குளித்துப் பட்டுவேட்டி கட்டி, ஹாலில் கார்ப்பெட்டின் மேல் தட்டுகளை வரிசையாக வைத்தார். அரிசி, வெல்லம், நெய், மஞ்சள்குலை, பழம், கரும்பு, வேட்டி சேலை, புதுப் பானை. பானை பெரிய பானை, எப்போதும் பெரிய பானைதான் கொண்டுவருவார். எண்ணினால் எட்டு. பிறகு வரிசையின் முடிவில் தானே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஒத்தப்படை ஆகணும்ல," என்றார்.

என் புருஷன் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து தொட்டார். எட்டு முடிந்தது. ஒன்பதாவதுக்கு முன்னால் கொஞ்சம் தயங்கி, அண்ணனுடைய வயிற்றில் மூன்று விரலை வைத்துத் தொட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அனன்யா மாடிக்கு ஓடிவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று இப்போது நினைவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் ஷம்சாத்திடம் போனோம். அண்ணன் பட்டுவேட்டியோடு கட்டிலில் மல்லாந்து, "டாக்டரம்மா, கணக்குப் பாக்காதீங்க, தாராளமா எடுத்துக்கிடுங்க," என்றார்.

டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "சார், நான் யாருக்கும் எதையும் எடுத்து வெக்கப் போறது இல்ல. இவர்கிட்டயும் சொன்னேன்."

அண்ணன் அதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்றுதானே சொல்வார்கள். கடைசியில் டாக்டர் தன்னுடைய ஸ்டடிக்காக அவரிடமும் கையெழுத்து வாங்கி, ஊசியில் ஒரு பட்டாணி அளவு எடுத்தார். "இவ்வளவுதானா?" என்று அண்ணனுக்கு ஏமாற்றம். பிறகு டாக்டர் விரலில் குத்தி சுகர் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். இன்னொரு விரலில் குத்தினார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் பொங்கல். டாக்டரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, தட்டுகளுக்கு நடுவில் சோபாவில் உட்கார்ந்தார்.

"அண்ணனுக்கு சுகர் முந்நூறுக்கு மேல இருக்கு. ரொம்ப வருஷமா இருந்திருக்கணும். டாக்டர்ட்ட போனதே இல்லையா சார்?"

"போனா மொதல்ல வெயிட் பாப்பாங்க," என்றார் அண்ணன். "எல்லாரும் எட்டிப் பாப்பாங்க."

எடுத்த கொழுப்பை ராத்திரியே மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டதாக டாக்டர் சொன்னார். பிறகு மெதுவாக விளக்கினார். எனக்கும் அண்ணனுக்கும் இருப்பது ஒரே ஜீனாகத்தான் இருக்க வேண்டும், ஒரே பசிதான். என் உடம்பில் புதிது புதிதாகச் சின்னச் சின்னக் கொழுப்பு செல்கள் உண்டாகி இடம் கொடுக்கின்றன. அண்ணன் உடம்பில் புதுசு வருவதில்லை. இருப்பதே ஊதி ஊதி, மூச்சுத் திணறிச் சாகிறது.

"செத்த செல்லுங்களச் சுத்தி, கிருமிய அடிக்கற செல்லுங்க கூட்டமா வந்து நிக்குது. அடிக்க அங்க கிருமியே இல்ல, ஆனா கலாட்டா மட்டும் நடக்குது. அந்தச் சத்தத்துல இன்சுலின் சொல்றது யாருக்கும் கேக்கல. உள்ள இருந்த கொழுப்பெல்லாம் வழிஞ்சு லிவருக்குப் போயிடுச்சு. சாருக்கு ஸ்டோர் ரூமே இல்ல. உங்களுக்கு ரூம் இருக்கு, உடைஞ்சுபோச்சு. ரெண்டு பேர் லிவரையும் ஸ்கேன் எடுத்து வெச்சா எது யாரோடதுன்னு எனக்கே தெரியாது."

ஒல்லியானவரும் பெரியவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப இது மாப்ளைக்கு ஆகாதா?"

"நல்லா இருந்தாலுமே ஆகாது சார். இப்ப அது உங்களுக்கே ஆகல."

முந்நூறு என்றதற்குக் கலங்காத மனுஷன் இதற்குக் கலங்கிவிட்டார். எழுந்தார். "கெட்டுப்போன பொருளப் போயி சீருன்னு கொண்டாந்துட்டேன் மாப்ள," என்றார். குனிந்து பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மற்றத் தட்டுகளை அப்புறம் அனுப்பச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். எனக்கு அது அண்ணனாகத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்த அப்பாவாகத் தெரிந்தது.

"ஏங்க," என்றேன் என் புருஷனிடம். "அந்தப் பானை வாசலத் தாண்டிச்சுன்னா பின்னாலயே நானும் தாண்டிருவேன்."

என் புருஷன் தட்டைத் தாண்டி, கரும்பைத் தாண்டி ஓடிப்போய் வாசற்கதவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் கதவோடு அப்பளமாகியிருப்பார்.

"நான் தொட்டு வாங்கிட்டேன் மச்சான்," என்றார்.

"மாப்ள, வழிய விடுங்க."

"சனிக்கிழமையே தொட்டாச்சு. சாட்சி இருக்கு. குடுத்த சீரத் திருப்பி எடுத்துட்டுப் போக உங்களுக்கு ரைட்ஸ் கிடையாது. அது இப்ப என்னோடது. கெட்டுப்போச்சுன்னா என் பொருள் கெட்டுப்போச்சு, ரிப்பேர் பண்ண வேண்டியது நான். சும்மா உங்ககிட்ட குடுத்து வெச்சிருக்கேன், அவ்வளவுதான்."

அண்ணன் பானையோடு நின்று யோசித்தார். முறை என்று வந்துவிட்டால் அவர் மீற மாட்டார்.

"இது சட்டப்படி செல்லுமா அக்கா?" என்று டாக்டர் என் காதருகே கேட்டார்.

"எங்க ஊர் சட்டப்படி செல்லும்."

"அப்ப சரி. எடிசன்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார். அவர் எட்டிப் பாக்க மாட்டார்," என்று பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அண்ணன் பானையை இறக்கி வைத்தார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்து பொங்கல் பரிமாறினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலை காபியோடு எடிசனுக்குப் போன்.

"மச்சான், என் கொழுப்பு நேத்து நடந்துச்சா?"

"நடந்துச்சு மாப்ள. மால்ல ரெண்டு சுத்து."

"மாத்திர போட்டுச்சா?"

"போட்டுச்சு. சாயங்காலம் ஒரே ஒரு ஜாங்கிரி..."

"யாரக் கேட்டு என் கொழுப்புக்கு ஜாங்கிரி குடுத்தீங்க?"

"தப்புதான் மாப்ள."

தன் உடம்பு என்றால் அண்ணன் இத்தனை பார்த்திருக்க மாட்டார். அதன்மேல் அவருக்கு என்றைக்கும் மரியாதை இருந்ததில்லை. மாப்பிள்ளையின் பொருள் என்றதும் இரவல் வாங்கின வெள்ளிப் பாத்திரமாகப் பார்த்துக்கொண்டார். என் புருஷனுக்கும் ட்ரையலில் ஊசி கிடைத்தது. எண்ணெய் நெய் எல்லாம் குறைத்ததில் அவருடைய ரத்தம் ரத்த நிறத்துக்கு வந்தது. தராசை மேல்தட்டிலிருந்து எடுத்துப் பெட்டியில் கட்டி எடிசனுக்கு அனுப்பினார். தமிழ்ச் சங்கத்தில் மறுபடி பேசக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். உங்க ரூமும் ஒரு நாள் நிரம்பலாம் அக்கா, பாத்துக்குங்க என்று. டேகேர் குக்கீயை அன்றோடு விட்டேன், பெரும்பாலும்.

அடுத்த பொங்கலுக்கு அண்ணன் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார். பட்டுவேட்டி சுற்றி வந்து ஒரு மடிப்பு மிச்சமிருந்தது. தட்டுகளை அடுக்கினார். என் புருஷன் முன்னால் கைகூப்பி, "மாப்ள மன்னிக்கணும். இந்த வருஷம் சீரு கொறஞ்சுபோச்சு. இருபத்தஞ்சு கிலோ கொறச்சலாத்தான் கொண்டாந்திருக்கேன்," என்றார்.

சீர் குறைந்ததற்கு ஒரு மாப்பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்தது இல்லை.

இந்தத் தடவை அண்ணன் வரிசையில் உட்காரவில்லை. ஒன்பதாவது தட்டு வேறு இருந்தது. அதன்மேல் ஒரு பழைய வெண்கலப் பானை. நான் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். என் புருஷனும் தெரிந்துகொண்டார். அவருடைய அம்மா அதைத் தொடாமல் விட்ட அன்று அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை.

எட்டுத் தட்டையும் விட்டுவிட்டு முதலில் அதைத் தொட்டார். பிறகு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் அவரே அடுப்பில் வைத்தார். நான் அதில் பொங்கல் வைத்தேன். நாங்கள் நாலு பேர். பானை சரியாக இருந்தது.